ஊருக்கு ஒரே நாக்கு

ஏழாவது கோப்பை வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தட்டேந்தி எந்திரம் அதை மேசையிலிருந்த வெள்ளை வட்டத்துக்குள் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உருண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டது. செலஸ்தின் கோப்பையின் தண்டைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினாள். செம்பழுப்பு நிறம். நுரை இரண்டு விரல் கனத்துக்கு நின்று, அவசரமில்லாமல் இறங்கியது. மூக்கருகே கொண்டுபோய்ச் சின்னச் சின்னதாக மூன்று முறை முகர்ந்தாள். வறுத்த கம்பு, கொஞ்சம் கமலாத் தோல், அதற்கும் அடியில் நனைந்த மண். ஒரு மடக்கு வாயில் வாங்கி, நாக்கின் இரண்டு ஓரங்களுக்கும் ஓடவிட்டு விழுங்கினாள். பீரைத் துப்பிவிட்டு மதிப்பெண் போட முடியாது. தொண்டையைத் தாண்டிய பிறகுதான் அதன் கசப்பு முழுதாகத் தெரியவரும்.

“தொண்ணூற்றொன்று,” என்றாள், யாரும் இல்லாத அறையைப் பார்த்து.

மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்த தகடு லேசாகச் சுட்டு அடங்கியது. பதிவு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் இந்த ஒரு மடக்கை மூன்று லட்சம் பேர் குடித்துப் பார்ப்பார்கள்.

அண்ணத்தகட்டை முதலில் செய்தவர்கள் பீரை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையில் நாக்கு மரத்துப்போனவர்களுக்குச் சோற்றின் ருசி திரும்பக் கிடைக்கட்டும் என்று செய்தார்கள். நல்ல நாக்குள்ள ஒருவர் சாப்பிடும்போது அவர் நரம்பில் ஓடும் குறிப்புகளை ஒரு தகடு பதிந்துகொள்ளும். இன்னொருவர் வாயிலிருக்கும் தகடு அதை அப்படியே அவருடைய நரம்புக்கு எடுத்துச் சொல்லும். பத்தாண்டுகளில் அது கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. எந்த வடிசாலையின் பீரை வாங்கலாம் என்று நட்சத்திரக் குறிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், சுவைஞர் குடித்த மடக்கைத் தாங்களே குடித்துப் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். பிறகு வாங்கிய பீரையும் தகட்டைக் கழற்றாமலே குடித்தார்கள். சுவைஞரின் நாக்கில் அது இன்னும் நன்றாக இருந்தது. இதற்குச் சொந்த நாக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது.

நாவகம் நிறுவனத்துக்கு ஆறு வருடங்களாக ஒரே நாக்கு, செலஸ்தினுடையது. புதுச்சேரியிலிருந்து குமரிமுனை வரைக்கும் கைவடிப்பு பீர் குடிப்பவர்களில் பாதிப் பேர் அவள் நாக்கில்தான் குடித்தார்கள். தொண்ணூறுக்கு மேல் போட்டால் அந்த பீர் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். எழுபதுக்குக் கீழே போட்டால் வடிசாலைக்காரர்கள் தொட்டியைத் திறந்து சாக்கடையில் விட்டுவிடுவார்கள். அவள் பெயரோ முகமோ யாருக்கும் தெரியாது. பயனர்களுக்கு அவள் வெறும் ‘நாக்கு நான்கு’.

நாக்கைக் காப்பாற்றுவதற்கென்று அவள் கையெழுத்துப் போட்ட விதிகள் நிறைய இருந்தன. மிளகாய் கூடாது. வாசனைத் தைலம் கூடாது. அருந்தகங்களுக்குப் போகக் கூடாது. புகைபிடிப்பவரோடும் பூ வைத்திருப்பவரோடும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. சாம்பிராணிப் புகைக்குப் பயந்து கோவிலுக்குப் போவதையும் விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் மாடியிலிருந்த தன் அறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பூசை மணி கேட்கும்போது முழங்காலிடுவாள். அதன் பிறகு உப்புக் குறைத்த கஞ்சி குடிப்பாள். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வாழ்க்கையில் குறை என்று ஒன்றை எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமாவது பேசி எத்தனை நாளாயிற்று என்பதைத்தான் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பாள், எண்ணிக்கை பெரிதாவதற்குள் நிறுத்திவிடுவாள்.

அந்த ஆவணி மாதம் கட்டடத்தின் காற்றுக் குழாய்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆகும் என்று சுவைப்பதிவை நிறுத்தி வைத்தார்கள். அவள் வாயிலிருந்த தகட்டையும் பராமரிப்புக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் கடற்கரை வரைக்கும் நடந்தாள். திரும்பும் வழியில் பின்தெருவில் ஒரு அருந்தகம் கண்ணில் பட்டது. விதி நினைவுக்கு வந்தது. பதிவே இல்லாத வாரத்தில் என்ன விதி என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கதவு திறந்ததும் அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அத்தனை முகங்களிலும் ஒரு வெளிச்சம். வெகுநாளாகக் காணாதவரை ரயிலடியில் கண்டுவிட்டதைப் போன்ற வெளிச்சம். அடுத்த கணம் அது அணைந்தது. முகங்கள் கோப்பைகளுக்குத் திரும்பின.

தன்னைத் தெரிந்துகொண்டார்களோ என்று முதலில் பயந்தாள். அப்படி இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு தபால் ஊழியர் வந்தபோதும் எல்லோரும் திரும்பினார்கள், எல்லா முகங்களும் மலர்ந்து வாடின. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். அங்கே பேச்சுச் சத்தமே இல்லை. ஆளுக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஒரு கோப்பை. ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு காலி நாற்காலி.

ஓரத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, “இங்க யாராவது வர்றாங்களா?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. வர்ற மாதிரிதான் இருக்கு. நீங்க உக்காருங்க, வந்தா பாத்துக்கலாம்.”

பெயர் ஏகாம்பரம் என்றார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் கொண்டுவரச் சொன்ன பீர் வந்தது. தகடு எதையும் வாயில் வைக்காமல் அவள் குடிப்பதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இன்னாம்மா, தகடு போடலியா?”

“எடுத்துட்டு வரல. நீங்க யாரோட பதிவு போட்டிருக்கீங்க?”

“நாலாம் நம்பர். இங்க எல்லாரும் அதான்.”

“அதுல அப்படி என்ன விசேஷம்?”

ஏகாம்பரம் ஒரு மடக்கு குடித்தார். கண்கள் கதவுக்குப் போய்த் திரும்பின. “சொன்னா சிரிப்பீங்க. எனக்குன்னு யாரு இருக்கா? சம்சாரம் போயி பத்து வருசம் ஆச்சு. பசங்க அவங்கவங்க பாட்டப் பாத்துனு போயிட்டாங்க. ஆனா இதப் போட்டுக்கினு ஒரு வாய் குடிச்சா, இப்ப அந்தக் கதவத் தொறந்துனு ஒருத்தர் வருவாங்க, பக்கத்துல உக்காந்து நம்மள வம்புக்கு இழுப்பாங்கன்னு இருக்கும். கோப்பை காலியாகற வரைக்கும் இருக்கும். அப்புறம் போயிடும். அதனால இன்னொண்ணு கேப்பேன்.”

“மத்தவங்க பதிவுல அப்படி இருக்காதா?”

“வடக்கத்தி ஆளு ஒருத்தரோடது போட்டுப் பாத்தேன். பீரு நல்லா இருந்துச்சு. அவ்ளோதான், பீரு நல்லா இருந்துச்சு. இந்த நாலாம் நம்பர்ல ஒரு ஆளு துணை வருது.”

செலஸ்தின் கோப்பையைக் கீழே வைத்தாள். வம்புக்கு இழுப்பாங்க என்றாரே, அந்த ஆளை அவளுக்குத் தெரியும்.

தேசிங்கு. நாவகத்தின் ஆரம்ப நாட்களில் சுவைப்பறையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவர். ஒருவர் நாக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது அப்போதைய ஏற்பாடு. அவள் ஒரு மதிப்பெண் சொல்லி முடிப்பதற்குள், “தப்பு மதாம்,” என்று ஆரம்பித்துவிடுவார். அவள் தோசைக்கல் வாசனை என்றால் அவர் தீய்ந்த முந்திரி என்பார். அரை மதிப்பெண்ணுக்காக அரை மணி நேரம் வாதாடுவார்கள், கடைசியில் மறுபடி ஒரு மடக்கு குடித்துவிட்டு இருவரும் மாற்றிச் சொல்லி, அதற்காக இன்னும் ஒரு சண்டை போடுவார்கள். அண்ணத்தகட்டில் பயனருக்குத் தர முடிந்தது ஒரு சுவையைத்தான், இரண்டை அல்ல. இரண்டு பேர் தேவையா என்று நிர்வாகம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது. “எங்க மார்க் பெரும்பாலும் ஒண்ணாதான் இருக்கும்,” என்று அவள் உண்மையைச் சொன்னாள். பதினைந்து நாளில் தேசிங்கின் மேசையை எடுத்துவிட்டார்கள்.

போகிற அன்று அவர் கோபமாக இல்லை. “அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன் மதாம். வெளிய எங்கயாவது போயி, மார்க் போடாம ஆளுக்கு ஒரு பீர் குடிப்போம்,” என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் சொன்ன வார்த்தை அவர் காதுக்குப் போயிருக்கும் என்று அவள் முடிவு கட்டினாள். கூப்பிட்டுப் பேசக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பையைத் தூக்கும்போதும் அவள் காதில் ஒரு பாதி நடைக்கூடத்திலேயே இருந்தது. தப்பு மதாம் என்று சொல்லிக்கொண்டு அவர் உள்ளே வருவார் என்று, ஆறு வருடங்களாக, நாளுக்கு ஏழு கோப்பை வீதம் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

மறுநாள் காலையில் கீழ்த்தளத்துக்குப் போனாள். நாவகத்தின் பதிவுப் பொறியாளர் அருணகிரி அங்கே தனியாக உட்கார்ந்து அலைக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

“உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க மேடம். தெரிஞ்சா பதிவு மாறிடும்னு.”

“இப்ப தெரிஞ்சுபோச்சு. சொல்லு.”

அவன் ஒரு அலைக்கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினான். “நாக்குலேர்ந்து மூளைக்குப் போற குறிப்பு இது. மூளையிலேர்ந்து திரும்பி வர்றது இது, நாங்க பின்னிழைன்னு சொல்றோம். அடுத்த மடக்கு எப்படி இருக்கும்னு மூளை முன்கூட்டியே நாக்குக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த எதிர்பார்ப்பு இல்லேன்னா ருசின்னே ஒண்ணு கிடையாது. உங்க பின்னிழையில பீர் மட்டும் இல்ல, வேற ஏதோ எதிர்பார்ப்பும் முறுக்கிக்கிட்டு வருது. ரெண்டாம் வருஷமே கண்டுபிடிச்சோம்.”

“பிரிச்சு எடுக்க முடியாதா?”

“எடுத்தோம் மேடம். ஒரு மாசம் சுத்தம் பண்ணித்தான் வெளியிட்டோம். ருசி அச்சா அப்படியே இருந்தது. ஆனா யாரும் ரெண்டாவது கோப்பை கேக்கல. அதனால மறுபடியும் சேத்துட்டோம்.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னான். எழுந்து நடந்தவளை, என்ன தோன்றியதோ, கூப்பிட்டு நிறுத்தினான்.

“தேசிங்கு சாரைப் பாக்கணும்னா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல தெற்கு வீதி அருந்தகத்துக்குப் போங்க. உங்க பதிவுக்கு முதல் பயனரே அவர்தான். ஆறு வருஷத்துல ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்ல.”

வெள்ளிக்கிழமை நீலப் புடவை ஒன்றை எடுத்து உடுத்தினாள். நாலரை மணிக்கு அந்த அருந்தகத்தின் கதவைத் தள்ளியபோது, செவ்வாய்க்கிழமை போலவே இங்கேயும் எல்லா முகங்களும் திரும்பின. கதவைப் பார்க்க வசதியான மேசையில் தேசிங்கு இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் முகமும் மலர்ந்து, அவளைப் பார்த்து, மற்ற முகங்களைப் போலவே வாடியது. அதன் பிறகுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மதாம்.”

“நல்லா இருக்கீங்களா தேசிங்கு?”

“இருக்கேன். உக்காருங்க, உக்காருங்க. நீங்க எப்படி இங்க?”

குடிநீர் நிலையத்தில் வேலை என்றார். தண்ணீரில் குளோரின் தூக்கலா, பாசி வாசனை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, அதையும் இப்போது மானிக் கருவியே பார்த்துக்கொள்கிறது, தனக்கு மேற்பார்வைதான் என்றார். சொல்லும்போது நடுநடுவே அவர் கண் அவள் தோளுக்கு மேலே போய் வந்தது.

“அன்னைக்கு வர்றேன்னீங்களே,” என்றாள் செலஸ்தின். இவ்வளவு சீக்கிரம் கேட்டுவிடுவோம் என்று அவளே நினைக்கவில்லை.

“வந்தேனே. வாசல்ல விடல. சுவைப்பு நடக்குது, வெளியாளு உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. சரி, நீங்க முடிச்சிட்டு வர்ற வரைக்கும் இருப்போம்னு இங்க வந்து உக்காந்தேன். அந்த வாரந்தான் உங்க முதல் பதிவு வந்திருந்துச்சு. போட்டுப் பாத்தேன்.” அவர் சிரித்தார். “முதல் மடக்குலயே தோணிடுச்சு மதாம், நீங்க வந்துடுவீங்கன்னு. எழுந்து போனா நீங்க வர்ற நேரத்துல நான் இல்லாம போயிடுவேனேன்னு எழுந்துக்கவே மனசு வரல. அடுத்த வாரமும் அப்படியே. நீங்க வரல. ஆனா வருவீங்கங்கறது மட்டும் ஒரு நாளும் குறையல.”

செலஸ்தினுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் வருவார் என்று அவள் அங்கே காத்திருந்தது அவர் வாய்க்குள் போய், அவள் வருவாள் என்று அவரை இங்கே உட்கார வைத்திருந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி, ஆறு வருடம்.

“ரெண்டு பேர் வேணுமான்னு அன்னைக்கு என்னத்தான் கேட்டாங்க. நான்தான் சொன்னேன்…”

“தெரியும் மதாம். உண்மையத்தானே சொன்னீங்க.” அவர் கண் மறுபடி கதவுக்குப் போனது.

“யாராவது வரணுமா உங்களுக்கு?”

“உங்களத்தான்.”

“நான் வந்துட்டேனே தேசிங்கு.”

“ஆமா. வந்துட்டீங்க,” என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். கோப்பையை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். கண்கள் கதவைப் பார்த்தன.

நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள், பின்னிழையைப் பற்றி, தன் காது நடைக்கூடத்தில் கிடந்ததைப் பற்றி. அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். சுவைஞராக இருந்தவருக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. “அதைக் கழட்டுங்க. கழட்டிட்டு இதக் குடிச்சிப் பாருங்க,” என்று தனக்கு வந்திருந்த கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கட்டுப்பட்டார். விரலை விட்டுத் தகட்டைப் பெயர்த்துக் கைக்குட்டையில் வைத்தார். பழைய வழக்கப்படி மூன்று தரம் முகர்ந்து, ஒரு மடக்கு வாங்கி, நாக்கின் ஓரங்களுக்கு ஓடவிட்டு விழுங்கினார். அவள் அந்த முகத்தையே பார்த்தாள்.

“கசக்குது,” என்றார்.

“கசப்புக்கு அடியில?”

“தெரியல மதாம்.” இன்னொரு மடக்கு குடித்தார். “ஜில்லுன்னு இருக்கு. கசக்குது. வேற ஒண்ணும் வரல. நீங்க சொல்லுங்க, எவ்வளவு போடலாம்? நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்.”

வெளியே கடலைவண்டிக்காரரின் மணி கேட்டது. தேசிங்கு ஏதோ தவறு செய்துவிட்டவரைப்போல அவளைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார். அந்த முகத்தில் எதிர்பார்ப்பு துளியும் இல்லை. எதிரே அவள் உட்கார்ந்திருப்பதுகூட அதில் தெரியவில்லை. அறுபதை நெருங்கும் ஒரு தனி மனிதரின் களைத்த முகம் மட்டும் இருந்தது. அவர் கை கைக்குட்டையைத் தொட்டுத் தொட்டு விலகியது.

“போட்டுக்கட்டுமா மதாம்?”

“போட்டுக்குங்க,” என்றாள்.

திங்கட்கிழமை சுவைப்பறை திறந்தது. ஏழு கோப்பைகள் வந்தன, ஏழுக்கும் மதிப்பெண் சொன்னாள். கதவுப் பக்கம் அவள் காது ஒருமுறைகூடப் போகவில்லை. யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்காம் நாள் அருணகிரி மேலே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

“பின்னிழை தட்டையா வருது மேடம். ருசியெல்லாம் துல்லியமா இருக்கு, முன்னவிடவும் துல்லியமா இருக்கு. ஆனா அருந்தகத்துல ஒரு கோப்பையோட எழுந்து போயிடறாங்களாம். நாக்கு நான்கு கெட்டுப்போச்சுன்னு ஆயிரக்கணக்குல எழுதறாங்க.”

“அப்ப?”

“பழைய பதிவே பதினோராயிரத்துக்கு மேல இருக்கு. புது பீர் எது வந்தாலும் அதுலேர்ந்தே வேண்டியதச் சேத்து உருவாக்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அது எத்தனை வருஷத்துக்கும் வரும்.” தரையைப் பார்த்தான். “இனிமே நீங்க மிளகாய் சாப்பிடலாம் மேடம்.”

அவள் தகட்டைக் கழற்றிக் கொடுத்தாள். மூன்றாம் மாடி அறையைக் காலி செய்து, கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் தெற்கு வீதிக்குப் போனாள்.

தேசிங்கு எப்போதும் அன்பாக எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் காத்திருந்ததையெல்லாம் ஒவ்வொரு மடக்காகக் குடிப்பார். கதவு திறக்கும்போது முப்பது தலைகள் திரும்பும். அந்த ஊரில், அதைத் தாண்டிக் குமரிமுனை வரைக்கும், எத்தனையோ ஆயிரம் பேர் ஒருவர் வருவதற்காக அந்த நேரத்தில் காத்திருந்தார்கள். செலஸ்தின் மட்டும் காத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு பீர் வந்தது. கறுப்பரிசியில் வடித்தது. நல்ல வேலைப்பாடு. ஆனால் நடுவில் ஒரு புளிப்பு, அது வேண்டுமென்று விட்டதா, தவறி வந்ததா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இன்னொரு மடக்கு குடித்தாள். வேண்டுமென்றுதான் விட்டிருக்க வேண்டும். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது.

“தேசிங்கு, இதுல ஒரு புளிப்பு வருது பாத்தீங்களா,” என்று ஆரம்பித்தாள்.

“ஆமா மதாம்,” என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி.